எரிஞ்சது வயரு, சகுனம் இல்ல

தெமோதரை
17.9.1959

பண்டாரவளையில் இருக்கும் தம்பி அழகருக்கு, கூடப்பிறந்த பாவத்துக்கு அக்கா கருப்பம்மா எழுதும் கடுதாசி. இங்கே எல்லாரும் நலம், என் மகன் மாரிசாமியின் மூளையைத் தவிர. உன் நலத்தை நான் விசாரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெத்தலைத் தட்டோட ஸ்டேசனைப் பார்த்து நீ ஓடின ஓட்டத்த ஊரே பார்த்துச்சு, கால் ரெண்டும் நல்லாத்தான் இருக்கு.

என் பேத்தியப் பொண்ணு பார்க்க வந்த எடத்துல காரு பொகைஞ்சது கெட்ட சகுனம், சம்பந்தம் வேணாம்னு மரக்கறி லொறிக்காரன்கிட்டச் சொல்லி அனுப்பியிருக்க. சகுனமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நடந்தது இதுதான். சீமைக்குப் போன தோட்டத்துத் துரை, பத்து வருசம் தனக்குக் காரோட்டுன மாரிசாமிக்கு அந்தப் பழைய ரேசுக் காரக் குடுத்துட்டுப் போனாரு. யுத்தத்துக்கு முந்தி வந்தது. வெளக்கப் போட்டா அது எரியுதான்னு பார்க்க இன்னொரு வெளக்கு வேணும். பேட்டரி ஆறு வோல்ட்டாம், பன்னெண்டா மாத்துனா வெளிச்சம் பால் மாதிரி வரும்னு ஆவணி முழுக்கப் பெனாத்துனான். ஒங்கள எல்லாம் அந்தக் காருலதான் கூட்டியாரணுமாம். நீங்க எட்டுப் பேரு, காருல ரெண்டே சீட்டு, ஒண்ணுல இவன் உக்காரணும். எட்டு நடை. இந்தக் கணக்குத் தெரியாதவன் கரண்டு வேலைக்குப் போனான்.

பேட்டரி வித்த ஜுனைதீன் நல்ல மனுசன். மத்த காரு மாதிரி இல்ல, இதுல பிளஸ் கம்பிதான் காரு ஒடம்போட சேரணும், மாத்திப் போட்டா வயரு பொசுங்கும்னு படிச்சுப் படிச்சுச் சொல்லி, பிளஸ் குமிழுக்குச் செவப்புப் பெயிண்டும் அடிச்சுக் குடுத்திருக்காரு. நீங்க வர்றதுக்கு மொத நாள் சாயங்காலம் பேட்டரியச் சாமி படத்துக்கிட்ட வச்சோம். புதுச் சாமான் எது வந்தாலும் சந்தனம் குங்குமம் வைக்காம நம்ம வீட்டுல எடுப்போமா? நாந்தான் வச்சேன். ஒரு குமிழுக்கு வச்சு இன்னொண்ண மூளியா விட முடியுமா, ரெண்டுக்கும் அப்பினேன். விடிஞ்சு எந்திரிச்சுச் செவப்பத் தேடுறான், ரெண்டும் செவப்பு. தொடைச்சுப் பார்க்க வேண்டியதுதானே. நல்ல காரியத்துக்குப் போறப்ப குங்குமத்தத் தொடைச்சா ஆகாதாம், குத்துமதிப்பா மாட்டியிருக்கான் மகராசன். ஸ்டேசன் வரைக்கும் ஓடுனதே அதிசயம். ஒன்ன ஏத்திட்டு மொத வளைவுல ஹார்ன் அடிச்சான். ஹார்ன் கத்த ஆரம்பிச்சது நிக்கவே இல்ல. பொறவு பொகை. பொறவு நீ இல்ல.

நீயும் லேசுப்பட்ட ஆளா? முப்பத்தொம்பதுல மாரிசாமி கலியாணத்துல ஒன் எலைக்கு வர்றப்ப பாயசம் தீர்ந்துபோச்சுன்னு எந்திரிச்சியே, அதையும் கெட்ட சகுனம்னுதான் சொன்ன. இருவது வருசத்துல என் மருமக நாலு புள்ள பெத்துட்டா. ஒஞ் சகுனத்தோட லட்சணம் இது.

மூத்த பேத்தி ராசம்மாதான் நாலு நாளாச் சோத்தத் தொடல. "வயரு எரிஞ்சதுக்கு என் கலியாணம் ஏன் நிக்கணும் அப்பாயி"ன்னு கேக்குறா. அதுக்குப் பதில நீயே எழுது. ஒன் பேரன் இராமையாவுக்கு அவதான்னு நம்ம பேசி எத்தன வருசமாச்சு. அந்தச் சனியன் காரப் பள்ளத்துல தள்ளச் சொல்லிட்டேன். இனி அதுல கால் வைக்கிறதில்லன்னு மாரிசாமிகிட்டச் சூடத்துல அடிச்சுச் சத்தியமும் வாங்கிட்டேன். நீ மனச மாத்திக்கிட்டு ரயில்ல வா, ஸ்டேசன்ல இருந்து நடந்தே வா.

ஒன் வீட்டுல எல்லாருக்கும் என் முழு ஆசி. ஒனக்குப் பாதி, மீதி நீ சம்மதிச்ச பொறவு.

இப்படிக்கு,
ஒன்ன இடுப்புல சொமந்து வளத்த அக்கா
கருப்பம்மா

பி.கு: தபாலுக்குக் குடுக்குமுன்ன இராமையா வந்துட்டான். பதுளையில வேலைன்னு ஒங்கிட்டச் சொல்லிட்டு இங்க வந்து எறங்கியிருக்கான். பள்ளத்துல தள்ளுமுன்ன காரத் தடுத்து நிறுத்தி, கருகுன வயரெல்லாம் உருவிப் போட்டுப் புதுசு இழுத்து, பல்பும் மாத்திட்டான். ராசம்மா பக்கத்துல நின்னு வயரப் புடிச்சுக் குடுத்தா, ரெண்டு தட்டுச் சோறும் தின்னுட்டா. வெளக்கப் போட்டுக் காட்டுனான், பட்டப்பகல்ல கண்ணு கூசுது. தபால் பிந்தும்னு இத மரக்கறி லொறிக்காரன்கிட்டயே குடுத்து விடுறேன். நாளைக்கு வெள்ளிக்கிழமை, கலியாணத்துக்கு நாள் குறிக்க நானும் அவனும் அந்தக் காருலயே வர்றோம். சத்தியம் பண்ணுனது மாரிசாமிதான், அவன் பஸ்ஸுல வருவான்.