எழுப்பத் தெரியாத மாஸ்டர்

இனி மனைவிக்குப் பயப்படுவதில்லை என்று மெத்தைக் கடை விற்பனையாளர் முடிவெடுத்தது படுத்துக்கொண்டுதான். அவர் எடுத்த எல்லா முடிவும் அப்படித்தான். கடையில் ஆள் இல்லாத நேரம், விலைச்சீட்டுத் தொங்கும் மெத்தையில் மல்லாந்துகொண்டு போனில் சண்டைக் காட்சி பார்ப்பார். கதாநாயகன் இரண்டு விரலை நீட்டுவான். கழுத்தில் ஒரு தட்டு. மலை மாதிரி அடியாள் முழியைப் பிதுக்கிக்கொண்டு சிலையாகிவிடுவான். வர்மக்கலையாம்! ஆசான்கள் வருஷக்கணக்கில் பழகுவதை இந்த மனுஷர் இரண்டே மதிய இடைவேளையில் கரைத்துக் குடித்துவிட்டார். அவர் தட்டிப் பார்த்த தலையணை ஒன்றுகூட அதற்குப் பிறகு அசையவில்லை.

குடியிருப்பு முழுக்கப் பீற்றிக்கொண்டதில் ‘மாஸ்டர்’ என்ற பட்டமும் வந்தது. பாதிப் பேர் கிண்டலுக்குச் சொன்னார்கள். மீதிப் பாதி மட்டும்தான் அவர் காதில் விழுந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வர்மக்கலைப் படம் ஒன்றின் மதியக் காட்சிக்குக் கிளம்பினார். மனைவி வாசலை மறித்தாள். கையில் துடைப்பம்.

"எங்க கிளம்பிட்டீங்க? பரணைச் சுத்தம் பண்ணுங்கன்னு எத்தனை மாசமாச் சொல்றேன்!"

"இன்னிக்கு முடியாது. வழிய விடு."

"பரண்ல எலி குடும்பம் நடத்துது. நம்மளவிட ஒத்துமையா."

"இந்த ரெண்டு விரலுக்கு வேலை வெச்சுடாதே. சொல்லிட்டேன்."

"அந்த விரலாவது வேலை செய்யட்டுமே!"

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு அவள் கழுத்தோரம் ஒரு தட்டுத் தட்டினார்.

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். சோபாவுக்கு நடந்தாள். தலையணையை உதறிப் போட்டாள். காலை நீட்டினாள். மின்விசிறிக் காற்று சரியாக வருகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் உறைந்தாள்.

"ஐயோ, கை கால் வரலையே!"

"வாய் மட்டும் எப்படி வருது?"

"அதை நீங்க தட்டலையே!"

மாஸ்டருக்குப் புல்லரித்தது. பலித்தேவிட்டது! ஆனந்தமாகச் செருப்பை மாட்டினார். அதற்குள் அவள் போட்ட கூப்பாட்டில் எதிர்வீட்டு அக்கா ஓடிவந்தாள். அக்காவிடம் போன செய்தி சாயங்காலத்துக்குள் மொட்டைமாடி வரை ஏறிவிடும்.

"அக்கா, என்னை வர்மத்துல கட்டிப்போட்டுட்டாரு!"

அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நெஜமாவா மாஸ்டர்? இல்ல, இவ நடிக்கிறாளா?"

சரியாக அந்த நேரம் பார்த்து, உறைந்துபோன மனைவி ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிந்துகொண்டாள். மாஸ்டர் கண்ணாலேயே பார்த்துவிட்டார். நடிப்பு என்று சொன்னால் போதும், நேராகப் படத்துக்குப் போகலாம். ஆனால் மாஸ்டர் பட்டம் அம்பேல். நிஜம் என்றால் பட்டம் தங்கும், படம் போகும். கை கால் வராத மனைவியைப் போட்டுவிட்டுச் சினிமாவுக்குப் போனால் ஊர் காறித் துப்பாதா? வேறு யாராவது என்றால் பட்டத்தை விட்டுவிட்டுப் படத்துக்குப் போயிருப்பார்கள். இவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"நெஜம்தான்."

"அப்போ எழுப்பி விடுங்க."

மாஸ்டர் தன் இரண்டு விரலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தப் படத்திலாவது கதாநாயகன் அடியாளை எழுப்பிவிட்டிருக்கிறானா? தட்டிவிட்டு அவன்பாட்டுக்கு டூயட் பாடப் போய்விடுகிறான்.

"அது... தானா இறங்கும்."

"தட்டின கையே பரணைத் துடைச்சா சீக்கிரம் இறங்கும்போல இருக்கு," என்றாள் சோபாவில் இருந்தவள். "நீங்க துடைப்பத்தைப் பாத்ததுமே என் சுண்டுவிரல் லேசாத் துடிச்சுது."

மாஸ்டர் ஸ்டூலில் ஏறினார். ஒட்டடையில் முகத்தைக் கொடுத்தார். தும்மினார். பழைய பெட்டி, கைப்பிடி போன வாணலி, ஓடாத மிக்ஸி என்று ஒவ்வொன்றாக இறக்கினார். எலி ஒன்று எட்டிப் பார்த்ததும் பெண்கள் கத்தவில்லை, அவர்தான் கத்தினார். "அந்த மூலைய விட்டுட்டீங்க" என்று சோபா கட்டளை போட்டது. நடுவில் இறங்கி, இரண்டு பேருக்கும் டீ வேறு போட்டுக் கொடுத்தார். உறைந்த கை அந்த டம்ளரை மட்டும் அழகாகப் பிடித்துக்கொண்டது. அக்கா டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனாள்.

ஒருவழியாகப் பரண் பளபளத்தது. மனைவி சோம்பல் முறித்து எழுந்தாள்.

"அப்பாடா, இறங்கிடுச்சு!"

இப்போது ஓடினால்கூட இடைவேளைக்குப் பிறகாவது பார்க்கலாம். சட்டையை மாற்றிக்கொண்டு மாஸ்டர் கதவைத் திறந்தார்.

வாசலில் எதிர்வீட்டு அக்கா கழுத்தை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால், படிக்கட்டு நெடுக, குடியிருப்பின் அத்தனை பெண்களும் அதேபோலக் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எங்க வீட்டுப் பரணும் அப்படியேதான் கெடக்கு மாஸ்டர். ஒரு தட்டு தட்டுங்க."