ஐந்து அறைக்கு இரண்டு ஆள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. உங்கள் மாமியாரின் புது முழங்காலைத் தவிர இங்கே மற்றதெல்லாம் நலம். நீங்களும் மகளும் சுகமாக இருக்க வேண்டும். அம்மாவைப் பார்த்துக்கொள்ள மகள் லீவு போட்டு வரத் துடிப்பதாக எழுதியிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். முப்பத்தோரு வருஷம் கிடங்கு மேலாளராக இருந்தவனுக்கு ஒரு மனைவியைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா?

அதுவும் உங்கள் ஆராய்ச்சி கையில் இருக்கும்போது! கம்ப்யூட்டர் வலைப்பின்னலில் எல்லா இடத்திலும் சர்வர் வைக்க வேண்டியதில்லை, ஒவ்வோர் இடத்துக்கும் அங்கேயோ அடுத்த இடத்திலேயோ ஒன்று இருந்தால் போதும், கூப்பிட்டால் நகர்ந்து வரும் என்றீர்களே, அன்று சும்மா தலையாட்டினேன், இப்போதுதான் புரிந்தது. நம் வீடு வாசல் அறை, கூடம், படுக்கையறை, சமையலறை, குளியலறை என்று ரயில் பெட்டி மாதிரி ஒரே வரிசை அல்லவா? ஐந்து புள்ளி வைத்தேன், கதவுக்கு ஒரு கோடு போட்டேன், இரண்டே ஆள் போதும் என்று விடை வந்தது. கூடத்தில் நான், சமையலறையில் என் மச்சினன். அங்கே நிற்க அவனுக்கு எந்தக் கணிதமும் தேவைப்படவில்லை.

முதல் நாளே உங்கள் மாமியார் படுக்கையிலிருந்து தண்ணீர் கேட்டாள். மச்சினன் கிளம்பிப் போனான். பார்த்தால் குளியலறைக்குப் பக்கத்தில் ஆளே இல்லை! "நீ திரும்பிப் போடா, நான் வர்றேன்"னேன். நான் உள்ளே போனா வாசல் அறை அநாதையாக் கெடக்கு, அந்த நேரம் பார்த்து பெல் அடிக்குது. நான் இந்தப் பக்கம் ஓட, அவன் அந்தப் பக்கம் ஓட, நடுவுல ரெண்டு பேரும் முட்டிக்கிட்டோம். "அத்தான், மூணாவதா ஒரு ஆள் இல்லாம இது ஆகாது"ங்கிறான், வாய் நிறைய பிஸ்கட்டோட. உங்க மாமியார், "ஒரு டம்ளர் தண்ணி கேட்டேன், ரெண்டு பேரும் அறைதான் மாத்துறீங்க"ன்னுட்டு வாக்கரைப் பிடிச்சுக்கிட்டுத் தானே போய்க் குடிச்சுட்டா.

இருந்தாலும் ஆள் சேர்த்து ஜெயிப்பது கோழைத்தனம். இரண்டு பேரை வைத்தே சமாளிப்பேன். மகள் வர வேண்டாம்.

இருவரும் நீண்ட காலம் நிறைவாக வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: இதை இடது கையால் எழுதுகிறேன். உறையை ஒட்டுமுன் குளியலறைக்குப் போனேன், வழுக்கி விழுந்தேன். மச்சினன் வாசலில் பெல்லுக்குப் போயிருந்தான். டக் டக்கென்று வாக்கரோடு வந்து சேர்ந்தது உங்கள் மாமியார்தான். வாக்கரை என் பக்கம் தள்ளி, "இதைப் பிடிச்சு எழுந்திருங்க. நான் கூப்பிட்டா யார் வர்றதுன்னு கோடு கோடாப் போட்டீங்களே, நீங்க கூப்பிட்டா யார் வர்றதுன்னு போட்டீங்களா?" என்றாள். போடவில்லை.

மகளை உடனே அனுப்புங்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள என்றே சொல்லி அனுப்புங்கள்.