தலைவர் பெயர் தாங்கிய சக்கரம்

மேன்மை தங்கிய நலன்புரி அலுவலகம் எங்கள் தோட்டத்து நோயாளிகள்மீது பெருங்கருணை கொண்டு, பின்னால் திறந்த தட்டுள்ள ஒரு கெப் வண்டியை வழங்கியது. யாரோ மரக்கறி ஏற்றி ஓட்டி, அலுத்துப்போய் விற்ற வண்டி. ஸ்பேர் சக்கரம்கூட இல்லை. ஆனாலும் டயகமவிலிருந்து நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு அதுவரை தேயிலைக் கொழுந்து லொறியில் போன எங்களுக்கு அதுவே பெரிய காரியம்.

கொடுத்தவர்கள் பெயர் போடாமல் விடுவார்களா? ஒரு கதவில் அலுவலகத்தின் பெயர், மறு கதவில் பணிப்பாளர் பெயர், பானட்டில் அவருக்குத் துணைநின்றோர் பெயர், பின்பலகையில் துணைநின்றோருக்கு நன்றி சொன்னோர் பெயர். எல்லாம் எழுதி முடிந்த பிறகுதான் எங்கள் தொழிற்சங்கத் தலைவர் வந்து சேர்ந்தார். இடத்துக்கு எங்கே போவது? தலைவரின் ஆட்கள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் முன்சக்கரத்தைக் கண்டுபிடித்தார்கள். மஞ்சள் பெயின்ட் அடித்த கனத்த இரும்புத் தகட்டில் பெயரை வெட்டி, சக்கரத்தில் ஒரு ஓரமாக வெல்டிங் வைத்து ஒட்டினார்கள். வண்டி ஓடினால் தலைவர் பெயர் நாலு திக்கையும் பார்க்குமாம். நாங்களும் கை வலிக்கத் தட்டினோம்.

மறுநாளே ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது. நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே வண்டி சாதுவாகப் போகும். நாற்பதைத் தாண்டினால் ஸ்டியரிங் கையில் நிற்காது. டிரைவர் ஆண்டியப்பன் அன்றே அலுவலகத்துக்கு முறைப்பாடு எழுதிக் கொடுத்தார். அவருடைய மகள் வினோதாவுக்குத் தலைப்பிரசவம், மாதம் நெருங்கிவிட்டது. பிரஷர் இருப்பதால், வலி எடுத்த உடனே கொண்டுவந்துவிட வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

நடுக்கத்துக்குக் காரணம் என்ன என்று எங்கள் லயத்து வீடுகளில் தவழ்கிற பிள்ளைக்கும் தெரியும். இருந்தாலும் விசாரணை என்று ஒன்று வேண்டுமல்லவா? தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஞானரட்ணம் சேர் பரிவாரத்தோடு வந்து இறங்கினார். எஞ்சினைப் பார்த்தார், ஹாரனை அடித்தார், ஆண்டியப்பனின் கைகளை நீட்டச் சொல்லி அவை நடுங்குகின்றனவா என்று பரிசோதித்தார். தகடு இருந்த பக்கம் மட்டும் அவர் பார்வை போகவே இல்லை.

ஆண்டியப்பன் மெதுவாகச் சொன்னார்: "சேர், அந்தத் தகட்டக் கழட்டிட்டு ஒரு தடவ ஓட்டிப் பாப்போமுங்களா?"

"தகடுன்னு சொல்லாதீங்க. அது நினைவுப் பலகை. தெறப்பு விழா நடத்த முறை இருக்கு. கழட்டு விழா நடத்த எந்தச் சட்டத்துல முறை இருக்கு, சொல்லுங்க?"

ஆண்டியப்பனுக்குச் சட்டம் தெரியாது. 

சேர் யோசித்து, முன்சக்கரத்தைப் பின்னாலும் பின்சக்கரத்தை முன்னாலும் மாட்டச் சொன்னார். என்ன ஆச்சரியம், ஸ்டியரிங் நடுக்கம் நின்றுவிட்டது. இப்போது சீட் நடுங்கியது. ஸ்டியரிங் பற்றிய முறைப்பாடு வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது என்றும், சீட் வேறொரு பிரிவைச் சேர்ந்தது என்றும் அறிவித்துவிட்டு அவர் டீ குடிக்கப் போனார்.

அதற்குள் தலைவரின் ஆட்கள் திரண்டு வந்துவிட்டார்கள். தலைவரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்களாம். சேர் டீயை வைத்துவிட்டு ஓடிவந்து, தலைவரை மறுபடி முன்னுக்குக் கொண்டுவந்தார். ஸ்டியரிங்கும் மறுபடி நடுங்கியது.

கடைசியில் அலுவலகத்தின் தீர்ப்பு வந்தது. வண்டியில் குறை ஏதுமில்லை. நாற்பதுக்கு மேல் வேகம் தேவைப்படும் நோயாளிகளை அதில் ஏற்றக் கூடாது. அவ்வளவுதான். நோயாளிகள் இனி வேகத்தைப் பார்த்து நோயில் விழ வேண்டியதுதான் என்று எல்லாரும் சிரித்தோம். ஆண்டியப்பன் மட்டும் சிரிக்கவில்லை.

கொழுந்து நிறுக்கிற நேரத்தில் வினோதாவுக்கு வலி எடுத்தது. தீர்ப்பாவது மண்ணாவது என்று ஆண்டியப்பன் மகளைத் தூக்கிக் கெப்பில் ஏற்றினார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். வழுவழுப்பான காப்பட் ரோட்டில் வேகம் எடுத்ததும் ஸ்டியரிங் துள்ளியது. ஒரு வளைவில் வண்டி பள்ளத்தைப் பார்த்துத் திரும்ப, ஆண்டியப்பன் பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டார். மகள் உள்ளே கதற, மனுஷன் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தகட்டைக் காலால் உதைத்தேன். கால்தான் வீங்கியது.

நல்ல வேளை, பின்னால் எங்கள் தோட்டத்து ஜெரோமி ஓட்டோவில் வந்தான். அப்பனையும் மகளையும் ஏற்றிக்கொண்டு பறந்தான். ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோன கையோடு பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். சேதி வந்த நிம்மதியில் நானும் அழுதுவிட்டேன்.

ஒரு உயிருக்கு இரண்டு உயிரைக் காப்பாற்றியவனைச் சும்மா விடலாமா? கோயிலில் கூட்டம் போட்டோம். தோட்டமே சேர்ந்து ஜெரோமிக்குக் கௌரவம் செய்வதென்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். கௌரவத்துக்கு உதவியவர்கள் பெயரையெல்லாம் வெட்டி, தகடு செய்தாயிற்று. ஆனால் ஓட்டோவின் பின்னால் மாதா படம், பக்கங்களில் விளம்பரம், எங்கே பார்த்தாலும் இடமில்லை. கடைசியில் நான்தான் இடம் கண்டுபிடித்தேன்.

நேற்று ஜெரோமி வந்தான். வேகமாகப் போனால் ஹேண்டில் நடுங்குகிறதாம்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. முன்சக்கரத்துல இருக்கிற தகட்டக் கழட்டிடலாமா?"

அதில் என் பெயர் மூன்றாவதாக இருக்கிறது.

"எதுக்குத் தம்பி அவசரம்?" என்றேன். "நாப்பதுக்குக் கீழ ஓட்டு."