சாட்சிக்கு எதுக்குச் சாவி?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணி பத்து நிமிடத்துக்குப் புகார் சார் கணவன் பதவியை ராஜினாமா செய்தார். செருப்பைக் கழற்றிய கையோடு அதை அறிவித்தும் விட்டார்.

"இன்னையிலேருந்து நான் உன் புருஷன் இல்ல. சாட்சி."

தையல் மிஷின் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த மனைவி தலை நிமிரவில்லை. "எந்தக் கேஸுல?" என்று கேட்டாள்.

விஷயம் இதுதான். அவர் குடிநீர் அலுவலகத்தில் புகார் கவுண்டரில் இருபத்தோரு வருடமாக உட்கார்ந்திருப்பவர். தண்ணீர் வரவில்லை என்பவர்களும், வந்த தண்ணீர் போகவில்லை என்பவர்களும் காலை பத்து மணியிலிருந்து அவர் முகத்தைப் பார்த்துத்தான் கத்துவார்கள். தெருவில் அவருடைய சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துபோய், புகார் சார் என்றே நிலைத்துவிட்டது. பகலெல்லாம் ஊர்ப் புகார், வீட்டுக்கு வந்தால் உள்வீட்டுப் புகார். ரத்த அழுத்தம் ஏறாமல் என்ன செய்யும்? டாக்டர் மிரட்டியதில், அலுவலகத்திலேயே ஏற்பாடு செய்திருந்த மூன்று நாள் யோகா வகுப்பில் போய்ச் சேர்ந்தார்.

முதல் நாள் கால் மடங்கவில்லை. இரண்டாம் நாள் மடங்கிய கால் நிமிரவில்லை. மூன்றாம் நாள் யோகா மாஸ்டர் இவர் மேல் இரக்கப்பட்டோ என்னவோ, ஆசனத்தை விட்டுவிட்டுத் தத்துவத்துக்கு வந்தார். நாம் உடம்பும் இல்லை, மனசும் இல்லை, இரண்டையும் பார்த்துக்கொண்டிருக்கிற சாட்சி என்றார். எது நடந்தாலும் தலையிடாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும் என்றார். புகார் சாருக்கு மெய் சிலிர்த்துவிட்டது. கவுண்டரில் இருபத்தோரு வருடமாக அவர் எல்லோருக்கும் சொல்லிவந்த பதில் ஒன்றே ஒன்றுதான்: "பார்க்கிறேன்." அதைச் சொன்னதற்காக எத்தனை பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். அது இவ்வளவு பெரிய தத்துவம் என்று ஒருத்தராவது அவரிடம் சொல்லியிருக்கக் கூடாதா? மாஸ்டர் கொடுத்த பதினாறு பக்கக் கையேட்டில் மூன்றாம் பக்கம் வரை பஸ்ஸிலேயே படித்து முடித்தார். அதற்கு மேல் படிக்க அவசியம் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

ராஜினாமாவுக்குப் பின்னால் இன்னொரு நோக்கமும் இருந்தது. மகளுக்கு வேலை கிடைத்து வெளியூர் போனதும் வீட்டில் ஓர் அறை காலியானது. தெருப் பக்கம் ஜன்னல் வைத்த, நல்ல வெளிச்சமான அறை. அப்படி ஓர் அறையில் தையல் வகுப்பு நடத்த வேண்டும் என்பது மனைவியின் பதினைந்து வருட ஆசை. ஃப்ரிட்ஜுக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் நடுவில் முழங்கையை ஒடுக்கிக்கொண்டு தைத்துத் தைத்து அவளுக்குத் தோள்பட்டை வலி நிரந்தரமாகிவிட்டது. புகார் சாருக்கோ அங்கே ஒரு பாயை விரித்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு புகாரும் காதில் விழாமல் தினம் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். அதைப் பேராசை என்று அவர் நினைக்கவில்லை.

இருவரும் மூன்று மாதம் சண்டை போட்டார்கள். கடைசியில் மாடி வீட்டு வக்கீலம்மா இறங்கி வந்து ஒரு சமாதானம் செய்துவைத்தார். இரண்டு பேரும் சம்மதிக்காமல் அந்த அறையில் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. வக்கீலம்மா படியேறி முடிப்பதற்குள் புகார் சார் அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இப்போது சாட்சியாகவும் ஆகிவிட்டார். சாட்சிக்குத் தியானம் பண்ண இடம் வேண்டாமா? அறை எப்படியும் தன் பக்கம் வந்துவிடும் என்று நம்பினார்.

புதன்கிழமை காலையே முதல் சோதனை வந்தது. சமையல்கட்டுக் குழாய் மூன்று வாரமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. குடிநீர் அலுவலகத்துக்காரர் வீட்டிலேயே குழாய் ஒழுகுவது தெரு முழுக்கத் தெரிந்த விஷயம்.

"குழாய் சொட்டுதுங்க."

"தெரியுது. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"பாத்தாச்சா?"

"ஆச்சு."

"அப்புறம்?"

"அப்புறம்னு ஒண்ணு கிடையாது. சொட்டறது அதோட தர்மம். பாக்கறது என்னோட தர்மம்."

"வாஷர் மாத்தறது யாரோட தர்மம்?"

கையேட்டின் முதல் மூன்று பக்கங்களில் வாஷரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. புகார் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

அன்று அலுவலகத்தில் தத்துவம் அமோகமாக வேலை செய்தது. நான்கு நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று ஒருவர் காலிக் குடத்தைக் கவுண்டர் மேலேயே வைத்துக் கத்தினார். புகார் சார் அவரையும் பார்த்தார், குடத்தையும் பார்த்தார், தன் காது சூடாவதையும் பார்த்தார். கடைசியில் வந்தவருக்கே தொண்டை கட்டிப் போய்விட்டது. தண்ணீர் என்னவோ வரவில்லை. அதையும் பார்த்தார்.

அவர் இல்லாத நேரத்தில் வீட்டில் நடந்தது பிற்பாடுதான் அவருக்குத் தெரியவந்தது. மேஜை மேல் கிடந்த கையேட்டை மனைவி எடுத்துப் பதினாறு பக்கத்தையும் படித்திருக்கிறாள். துணியில் வெட்டுகிற இடத்தைக் குறிக்கும் சாக்பீஸால் அங்கங்கே கோடும் போட்டிருக்கிறாள்.

வியாழக்கிழமை அவள் குழாயைப் பற்றிப் பேசவில்லை. ஃபேன் கிறீச்சிடுவதைப் பற்றியும் பேசவில்லை. ஒரு புகாருமே இல்லை. புகார் சார் ஜெயித்துவிட்ட பெருமிதத்தோடு நாற்காலியில் சாய்ந்தார். அப்போதுதான் டீ வரவில்லை என்பது உறைத்தது.

"டீ எங்க?"

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"உங்களுக்கா, உடம்புக்கா?"

புகார் சார் குழம்பினார். உடம்புக்கு என்று சொன்னால், உடம்புக்காகப் பரிந்து பேசுகிற இந்த ஆள் யார் என்று அடுத்த கேள்வி வரும். தனக்கு என்று சொன்னால், சாட்சி டீ குடிக்குமா என்று வரும். மூன்று பக்கத்தையும் மனசுக்குள் புரட்டிப் பார்த்தார். அதற்குள், போட்டு வைத்திருந்த டீ ஆறிவிடும்போல இருந்ததால் அவள் எடுத்துக் குடித்துவிட்டாள்.

"குடிக்கறதை நல்லா பாருங்க," என்றாள். "உங்களுக்குப் பாக்கறது நல்லா வருது."

வெள்ளிக்கிழமை துணி துவைக்கும்போது சட்டைப் பையிலிருந்து சாவி அவள் கைக்குப் போனது. புகார் சார் பாதி சவரத்தில் ஓடி வந்தார்.

"சாவியைக் குடு."

"யாரோட சாவி?"

"என்னோடது."

"பத்தாம் பக்கம் பாருங்க. சாட்சி எதையுமே என்னோடதுன்னு சொல்ல மாட்டானாம்." ஈரக் கையால் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். "சாட்சிக்கு எதுக்குச் சாவி?"

பத்தாம் பக்கத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. அடியில் சாக்பீஸ் கோடு வேறு. சாவியைப் பிடுங்கினால் சாட்சி போய்விடும். சாட்சியாகவே இருந்தால் சாவி போய்விடும். இரண்டில் எது தனக்கு முக்கியம் என்று ஒரு கன்னத்துச் சோப்பு காயும் வரை யோசித்ததில் பஸ்தான் போனது. போகட்டும், சாவி எங்கிருந்தால் என்ன, தன் சம்மதம் இல்லாமல் அவளால் ஒரு ஆணி அடிக்க முடியாது என்று தேற்றிக்கொண்டார். அந்தச் சம்மதத்தை உயிரே போனாலும் கொடுப்பதாக இல்லை.

சனிக்கிழமை காலை வக்கீலம்மா கையில் ஒரு காகிதத்தோடு வந்தார். புகார் சார் கூடத்தில் பாய் போட்டு மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லதாகப் போயிற்று, அவர் இருக்கும்போதே வாசித்துவிடலாம் என்று வக்கீலம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தார். நாலாவது மூச்சு உள்ளே போகும்போது 'மேற்படி அறை' என்று ஏதோ கேட்டது. மூச்சு வெளியே வருவதற்குள் வாசிப்பு முடிந்தும் விட்டது. என்ன அது என்று கேட்க நாக்குத் துடித்தது. நாக்குத் துடிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்.

"ஒரு கையெழுத்து போடணுங்க," என்றாள் மனைவி.

புகார் சார் சட்டென்று கண் திறந்தார். "சம்மதம்னு எங்கயும் போட மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"உங்க சம்மதத்துக்கு யாரு கையெழுத்து கேட்டா? சாட்சியா போடுங்க."

காகிதத்தின் அடியில் 'சாட்சி' என்று அச்சிலேயே இருந்தது. பக்கத்தில் ஒரு கோடு. புகார் சாருக்கு நெஞ்சு இளகிவிட்டது. நாலு நாளாகக் கேலிதான் மிச்சம் என்று நினைத்திருந்தார். இதோ, எழுத்துப்பூர்வமாகவே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். இருந்தாலும் கவுண்டர் புத்தி விடவில்லை. சாட்சி என்றால் தனக்கு ஏதாவது பொறுப்பு வருமா என்று கேட்டார்.

"ஒரு பொறுப்பும் வராது. நடந்ததைப் பாத்தேன்னு அர்த்தம், அவ்வளவுதான்," என்றார் வக்கீலம்மா. "எதுக்கும் ஒரு தடவை படிச்சுட்டுப் போடுங்க சார்."

"படிச்சா மனசு உள்ள பூந்துடும்மா," என்று புகார் சார் புன்னகைத்தார். அலுவலகத்தில் போடும் கிறுக்கல் போடாமல் முழுப் பெயரையும் அழகாக எழுதிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம் தெருமுனையிலேயே கடகடவென்று சத்தம் கேட்டது. யார் வீட்டில் என்று நினைத்துக்கொண்டே நடந்தார். சத்தமும் அவரும் ஒரே வீட்டுக்குள்தான் போனார்கள். அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே நாலு தையல் மிஷின்கள். தெருக்காரப் பெண்கள் மூன்று பேர் வீட்டில் சும்மா கிடந்த மிஷின்களைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். மனைவி கழுத்தில் இஞ்ச் டேப்போடு நடுவில் இருந்தாள். ஜன்னலை ஒட்டிச் சுவரில் ஒரு ஆணி. அதில் வகுப்பு நேரம் எழுதிய அட்டை தொங்கியது.

ஆணியைப் பார்த்ததும் புகார் சாரிடமிருந்து சாட்சி ஓடிவிட்டான்.

"யாரைக் கேட்டு இதெல்லாம்?"

மனைவி மிஷினை நிறுத்தினாள். "கோபம் யாருக்கு? உடம்புக்கா, மனசுக்கா?"

"ரெண்டுக்கும். சாட்சிக்கும் சேத்துத்தான். நான் எப்ப சம்மதிச்சேன்?"

"சனிக்கிழமை."

"நான் சம்மதிச்சதை எவன் பாத்தான்? கூப்பிடு அவனை."

அவள் கத்தரிக்கோலுக்கு அடியிலிருந்து காகிதத்தின் நகலை எடுத்து நீட்டினாள். அது வீட்டில் தையல் வகுப்பு நடத்த அனுமதி கேட்கும் விண்ணப்பம். 'மேற்படி அறையை வகுப்புக்கு ஒதுக்க விண்ணப்பதாரரின் கணவர் சம்மதிக்கிறார் என்பது அவர் எதிரிலேயே வாசிக்கப்பட்டது. அவர் மறுப்புச் சொல்லவில்லை. இதை நேரில் பார்த்தேன்.' அதற்குக் கீழே சாட்சி. அதற்குப் பக்கத்தில் அவருடைய முழுப் பெயர், அழகான எழுத்தில்.

மூன்று முறை படித்தார். மறுப்புச் சொல்லாதவர் கணவர். அதைப் பார்த்தவர் சாட்சி. கணவர் பதவியைத்தான் செவ்வாய்க்கிழமையே ராஜினாமா செய்தாயிற்றே. அப்படியானால் சனிக்கிழமை பாயில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த கணவர் யார்? அவர் சம்மதிக்கவில்லை என்று இப்போது சொன்னால், சொல்வது கணவரா, சாட்சியா? சாட்சி என்றால் பொய்ச்சாட்சி ஆகிவிடாதா? தலை சுற்றியது. சுற்றுவதைப் பார்க்கிற தெம்புகூட இல்லை.

நிமிர்ந்தபோது மனைவி மறுபடி தைக்க ஆரம்பித்திருந்தாள். இரண்டு முழங்கையையும் தாராளமாக விரித்து, ஜன்னல் வெளிச்சம் துணியில் விழ, தோளைத் தூக்காமல் தைத்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வருடத்தில் அவளை அப்படிப் பார்த்ததில்லை. அவருக்குப் பொறாமையாக இருந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

"அப்ப நான் எங்க உக்காந்து தியானம் பண்றது?" குரல் நன்றாக இறங்கிவிட்டது.

"சமையல்கட்டுல இடம் போட்டிருக்கேன். கடைசிப் பக்கத்தைப் படிச்சுட்டு உக்காருங்க."

குழாயடியில் ஒரு ஸ்டூல் இருந்தது. அதன் மேல் கையேடு, கையேட்டின் மேல் ஸ்பேனர், ஸ்பேனர் மேல் புது வாஷர். கடைசிப் பக்கத்தில் இருந்தது ஒரே வரி: செய்கிற வேலையை முழுக் கவனத்தோடு செய்வதே தியானம். அதற்கு மட்டும் இரண்டு சாக்பீஸ் கோடு.

தண்ணீரை அடைத்தார். குழாயைக் கழற்றினார். நைந்துபோன வாஷரைச் சுரண்டி எடுத்துப் புதியதைப் பொருத்தினார். அந்த இருபது நிமிடமும் கவுண்டர் நினைவுக்கு வரவில்லை, அறை நினைவுக்கு வரவில்லை, தான் யார் என்ற குழப்பமும் வரவில்லை. குழாயைத் திறந்து மூடினார். ஒரு சொட்டு இல்லை. மூன்று நாள் வகுப்பில் கிடைக்காத ஒரு நிம்மதி கிடைத்தது. அதை உடனே யாரிடமாவது காட்டியாக வேண்டும்போல இருந்தது.

"குழாய் நின்னுடுச்சு. வந்து பாரேன்," என்று குரல் கொடுத்தார்.

நாலு மிஷின் சத்தத்துக்கு நடுவிலிருந்து, அச்சு அசலாகக் குடிநீர் அலுவலகக் கவுண்டர் தொனியில், பதில் வந்தது.

"பார்க்கிறேன்."

யாரும் வரவில்லை.