பதினாறு கண்கள்

மதியம் பன்னிரண்டு பத்துக்கு வினோஜனின் அழைப்பு வந்தது. அதற்குள் மீன்கள் புகையில் கால் மணி நேரம் கிடந்துவிட்டன.

"அத்தான், நேத்து தந்த சாக்கு விறக எரிச்சுப்போடாதீங்க."

உதயரூபன் இடுக்கியைக் கீழே வைத்தான். ஏன் என்று கேட்டான்.

வினோஜன் அவன் மனைவியின் தம்பி. கஜு, அதாவது முந்திரி விறகு என்று சொல்லித்தான் சாக்கைத் தந்திருந்தான். இப்போது உண்மை வந்தது. கஜுத் தோட்டம் வரை போகச் சோம்பல்பட்டு, வாவிக்கரையில் பட்டை உரிந்து காய்ந்து கிடந்ததை அள்ளிக் கட்டியிருக்கிறான். அந்த இடத்தில் நிற்பதெல்லாம் தில்லை மரம் என்று ஒரு தோணிக்காரர் இன்று சொல்லியிருக்கிறார்.

தில்லையின் பால் தெறித்தால் கண் போகும். விறகாக எரித்தால் புகையே கண்ணைக் கெடுக்கும். கல்லடியில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

"தில்லைதான் எண்டு நிச்சயமாத் தெரியுமா?"

"நிச்சயமில்ல அத்தான். உங்கட கண் எப்படி இருக்கு?"

எரிந்தது. ஆனால் இருபது வருடம் அடுப்புப் பக்கத்தில் நின்ற கண்கள் அவை. எந்த நாளும் எரியும். அவற்றிடம் கேட்டுப் பயனில்லை.

புகை வாசம் வேண்டும் என்றது முதலாளி றிஸ்விதான். சிரட்டைக்கரி சூட்டைத் தரும், வாசத்தைத் தராது. வாசத்துக்கு நனைத்த கட்டையைக் கரிமேல் போட்டு மூட வேண்டும். பீப்பாவைப் பிளந்து அடுப்பும் மூடியும் செய்து கொடுத்துவிட்டு, றிஸ்வி காலையிலேயே காத்தான்குடிக்குப் போய்விட்டான். சாப்பாட்டுக் கடையில் உதயரூபன் மட்டும்.

மரத்தடி மேசையில் எட்டுப் பேர். எல்லாரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், புளியந்தீவுக்காரர்கள். மாதத்தில் ஒரு நாள் வான் பிடித்து ஒன்றாக எங்கேயாவது போய் வருவார்கள். வான் சாரதி ஷாமில் சமையல் குசினிக்குப் பின்னால் நிழலில் வண்டியை விட்டு, அதற்குள்ளேயே படுத்துக்கொண்டான்.

உதயரூபன் முதல்தடவையாகத் திரும்பி அவர்களை நன்றாகப் பார்த்தான்.

எட்டுப் பேரும் கண்ணை இடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு ஐந்தாம் வகுப்பில் படிப்பித்த சீதேவி ரீச்சர் உணவுப் பட்டியலைக் கை நீளத்துக்குப் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அவர் அடுத்தவரிடம் கொடுத்தார். பட்டியல் மேசையைச் சுற்றி, ஒருவரும் வாசிக்காமல் ரீச்சரிடமே திரும்பி வந்தது.

அவன் கிட்டப்போய், கண்ணுக்கு ஏதும் செய்கிறதா என்று மெதுவாகக் கேட்டான்.

"மங்கலாத்தான் இருக்கு மனே," என்றார் ரீச்சர். "எல்லாருக்கும் அப்படித்தான். நீ மீனப் பார்."

அந்த அமைதி அவனை இன்னும் பயமுறுத்தியது. கண் போவது தெரியாமலே போகும் போலிருக்கிறது.

ஓடிப்போய் ஒரு வாளித் தண்ணீரை அடுப்பில் ஊற்றினான். வெள்ளைப் புகை ஆள் உயரத்துக்கு எழுந்தது. வாவிக் காற்று அதை அப்படியே மரத்தடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. எட்டுப் பேரும் இருமினார்கள். பதினாறு கண்களிலும் தண்ணீர் வடிந்தது. வாசம் நல்லாத்தான் இருக்கிறது என்று ஒருவர் இருமலுக்கிடையில் பாராட்டினார்.

கட்டை அணையவில்லை. மண்வெட்டியில் அள்ளிக் குசினிக்குப் பின்னால் கொட்டினான். அது அங்கே கிடந்து புகையட்டும். மேசைக்குப் புகை வராவிட்டால் போதும்.

பிறகு இளநீர் வெட்டினான். கண்ணுக்குக் குளிர்ச்சி. எட்டுக் கோப்பைகளை வைத்து, இதைக் கண்ணில் விட்டுக் கழுவுங்கள் என்று சொல்ல வாயெடுத்தான். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். கோப்பைகளை மட்டும் அவர்கள் பக்கம் தள்ளினான். அவர்கள் மேசையைத் தடவிக் கோப்பைகளைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு கவிழ்ந்தன. மிச்சத்தைக் குடித்துவிட்டு நன்றி சொன்னார்கள்.

வெளிச்சமாவது படாமல் இருக்கட்டும் என்று உள்ளே வரச் சொன்னான். எட்டுப் பேரும் எழுந்தார்கள். முன்னால் நிற்பவரின் தோளில் கை வைத்தபடி ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். வாசலில் முன்னாள் பாடசாலை அதிபர் ஒருவர் தூணில் முட்டி, தூணிடம் மன்னிப்புக் கேட்டார்.

எட்டு வீடு. எட்டு வீட்டிலும் இனி யாராவது கையைப் பிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிப்போக வேண்டும். எட்டு வீட்டிலும் அவன் பெயரைச் சொல்வார்கள்.

அம்புலன்ஸுக்கு அழைத்தான். எத்தனை பேர் என்று கேட்டார்கள். எட்டுப் பேர் என்றான். என்ன விபத்து என்று கேட்டார்கள். மீன் சுட்டது என்றான். பகிடி விடுவதற்கு வேறு இடம் பார்க்கச் சொல்லி வைத்துவிட்டார்கள்.

அந்தப் புகை ஏறிய மீனையும் பரிமாறக் கூடாது. ஆறு கொடுவாவையும் குழி தோண்டிப் புதைத்தான். இப்போது அவனிடம் பரிமாற ஒன்றுமே இல்லை.

உள்ளே மீன் எங்கே என்று கேட்டுவிட்டார்கள்.

அவன் மேசைக்கு முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஐந்தாம் வகுப்பில் நின்றது போலவே.

"ரீச்சர், மீன் இல்ல. உங்கட எல்லாருட கண்ணையும் நான் கெடுத்துப்போட்டன். அது தில்ல விறகு."

எட்டு முகங்களும் குரல் வந்த பக்கம் திரும்பின. ரீச்சர் கையை நீட்டி அவன் சட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"என்ன மனே சொல்றாய்?"

அவன் முதலிலிருந்து சொன்னான். சாக்கு, தோணிக்காரர், வாளித் தண்ணீர், இளநீர். சொல்லி முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தான்.

பின்கதவில் ஏதோ மோதியது. ஷாமில். வானிலிருந்து சுவரைத் தடவித் தடவி வந்திருந்தான். நிலையைப் பிடித்துக்கொண்டு, உதயரூபன் நிற்காத பக்கத்தைப் பார்த்துப் பேசினான்.

"அண்ணன், அவங்களுக்கு ஒண்டுமில்ல. வெள்ளன கண் கிளினிக்ல சொட்டு மருந்து விட்டுத்தான் கூட்டி வந்தன், மூணு மணிக்குத் தெளிஞ்சிரும். எனக்கு ஒருத்தரும் சொட்டு விடல்லயே, எனக்கேன் கண்ணத் திறக்க ஏலாமக் கிடக்கு?"