கைநாடி மாஸ்டரும் மூன்று பைகளும்

ஐஸ் சறுக்கு அரங்கத்தின் வாசலில் காலை ஆறு மணிக்கே கூட்டம் நெரிந்தது. பந்தயமா என்றால் இல்லை. கைநாடி மாஸ்டர் வந்திருந்தார்! எந்தக் கைக்கு எந்தக் கையுறை என்று நாடி பிடித்துச் சொல்லும் மகான். போன மாதம் அவரிடம் கையுறை வாங்கிய பெண் முதலிடம் வந்தாளாம். வாங்கிவிட்டுத் தோற்றவர்கள் எத்தனை பேர்? தோற்றவர்கள் அதைச் சொல்லிக்கொண்டு திரிவார்களா என்ன!

சறுக்குப் பந்தயங்களில் ஓடும் மகளோடு வரிசையில் முதல் ஆளாக நின்றவர் பௌதிக ஆசிரியர். ஆமாம், பௌதிகம்தான். இருபது வருஷமாக நெம்புகோல் பாடம் நடத்துகிறவர். "நம்பாதே, சோதித்துப் பார்" என்று கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதிப் போடுகிறவர். கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்ற முடியுமா? அது பள்ளிக்கூடத்திலேயே இருந்துவிட்டது.

வேகச் சறுக்கில் வளைவில் சாயும்போது இடது கை விரல்கள் ஐஸ் தரையைத் தொட்டு ஓடும். விழுந்தாலோ, பின்னால் வருகிறவர்களின் காலணியில் இருக்கும் பிளேடு விரல் பக்கம் பாயும். ஆகவே கையுறை விஷயத்தில் ஆசிரியருக்கு ரொம்பக் கவனம். அந்தக் கவனம்தான் அவரை மாஸ்டரிடம் கொண்டுவந்து சேர்த்தது.

"கையை நீட்டுங்க சார்" என்றார் மாஸ்டர். உள்ளங்கையில் ஒரு கடைக் கையுறையை வைத்து மணிக்கட்டில் அழுத்தினார். கை பொத்தென்று தாழ்ந்தது. அடுத்து தன்னுடைய தங்க நிறக் கையுறையை வைத்து, முழங்கைப் பக்கம் அழுத்தினார். கை இம்மியும் அசையவில்லை. அழுத்திய இடம் மாறியதை நெம்புகோல் ஆசிரியர் கண்ணாரப் பார்த்தார். பார்த்துவிட்டு, "அடடா!" என்றார்.

"ரொம்ப மெல்லிசா இருக்குப்பா" என்றாள் மகள்.

"சும்மா இரு. நாடி பொய் சொல்லாது."

அப்போதுதான் அவருடைய மச்சினி வந்தாள். அந்த அரங்கத்தில் பிளேடு தீட்டுவது அவள் வேலை.

"என்ன அத்தான், வீட்ல ஒரு பல்பு மாட்டவே மூணு நாள் யோசிப்பீங்க. இங்க கேக்காமயே கையை நீட்டிட்டீங்க?" என்றவள் மாஸ்டரைப் பார்த்துத் திரும்பினாள். "பைக்குள்ள மூடி வெச்சா நாடி தெரியுங்களா?"

"இரும்புப் பெட்டியில வெச்சாலும் தெரியும்மா!"

கூட்டம் கைதட்டியது. அவள் அவரிடம் ஒரு தங்கக் கையுறையை வாங்கிக்கொண்டு உள்ளே போய், ஒரே மாதிரியான மூன்று துணிப்பைகளைக் கட்டிக் கொண்டுவந்தாள். ஆசிரியர் மறுபடி கையை நீட்டினார். முதல் பைக்குக் கை தாழ்ந்தது. இரண்டாவதுக்கும் தாழ்ந்தது. மூன்றாவதுக்கு உலக்கை மாதிரி நின்றது.

"இதுதான்! உங்க பொண்ணுக்குன்னே பொறந்த கையுறை!"

பையை அவிழ்த்தார்கள். உள்ளே தரை துடைக்கும் துணி! முதல் பையில் தங்கக் கையுறை நாடி அடங்கிக் கிடந்தது.

"கூட்டத்துல அவநம்பிக்கை இருந்தா நாடி..." என்று மாஸ்டர் இழுத்தார். மச்சினி வாதாடவில்லை. தங்கக் கையுறையின் விரலுக்குள் ஒரு கேரட்டைச் செருகி, பிளேடால் ஒரே இழுப்பு. கேரட் துண்டாகி உருண்டது. இரண்டாவது பையில் இருந்தது அவள் வேலைக்கு மாட்டும் கையுறை. அதிலும் ஒரு கேரட், அதே பிளேடு, அதே இழுப்பு. கேரட்டில் கீறல்கூட இல்லை.

விழுந்த துண்டு மகளின் சுண்டுவிரல் அளவு இருந்தது. ஆசிரியர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பு பண்ண இருந்தேம்மா."

"பரவால்லப்பா. அந்தத் தங்கக் கலர் எனக்கும் கொஞ்சம் பிடிச்சுதான் இருந்துச்சு."

மாஸ்டர் பெட்டியோடு பின்வாசலில் மறைந்தார். கூட்டத்துக்குப் புத்தி வந்ததா? மச்சினியின் முன்னால் புது வரிசை நின்றது. "கையுறையை நீங்க தொட்டுக் குடுங்கம்மா, ராசியா இருக்கும்!" பழக்க தோஷம், ஆசிரியரும் அதில் இரண்டாவது ஆளாக நின்றார்.

"தொட்டெல்லாம் தர மாட்டேன்" என்றாள் அவள். "பிளேடு இறங்குதான்னு பாருங்க. மாட்டி, விரலை மடக்கிப் பாருங்க. இடது கை விரல் நுனியில, ஐஸ்ல வழுக்குற மாதிரி கெட்டி மூடி இருக்கான்னு பாருங்க. ஹெல்மெட் மாட்டுறதுக்கு மட்டுமா தலை இருக்கு?"