பினிஷிங் மாஸ்டரின் அரைத் தலை

கொழும்புக் காலி வீதியில் குண்டு வெடித்தாலும் பினிஷிங் மாஸ்டர் கை வைத்த தலையை முடிக்காமல் விடமாட்டார். சும்மா சொல்லவில்லை. ஒரு நாள் வெடித்தது. சலூன் கண்ணாடி அதிர்ந்தது. கதிரையில் இருந்தவர் துணியோடு எழும்பி ஓடப் பார்த்தார். மாஸ்டர் தோளில் கை வைத்து அமத்தினார்.

"இருங்க சேர். செத்தாலும் ரெண்டு கிருதாவும் ஒரே அளவுல இருக்கணும்."

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில் அவர் சலூன். வீடு கொட்டாஞ்சேனை. காலை பஸ்ஸில் வருவார், இருட்ட முன் போவார். பெயர் யாருக்கும் தெரியாது. எந்த வேலையைப் பற்றிக் கதைத்தாலும் "பினிஷிங் முக்கியம்" என்பார். அதனால் பினிஷிங் மாஸ்டர். கடையில் அந்தோனியார் படம், பக்கத்தில் பிள்ளையார் படம், அதற்குக் கீழே ஒரு பலகை: 'அரசியல் கதைக்கக் கூடாது.' கதைப்பவர் அவர் ஒருவர்தான்.

அவருக்குத் தெரிந்தது ஒரே வெட்டு. நீங்கள் எந்த நடிகரின் பெயரைச் சொன்னாலும் தலையை ஆட்டிக் கேட்பார். முடிவில் கண்ணாடியில் ஒரு பொலிஸ்காரன் தெரிவான். "கேட்டதுதான் சேர். ஒங்க முகத்துக்கு இப்படித்தான் வரும்."

ஒருமுறை லொட்ஜில் இருந்த ஒரு பொடியனுக்குப் பாதி வெட்டும்போது ஏஜென்சியில் இருந்து ஆள் வந்தது. கனடா பயணம் சரி, உடனே வா என்று. பொடியன் பாதித் தலையோடு ஓடினான். மாஸ்டர் கடையைத் திறந்தபடி விட்டுவிட்டுக் கத்தரியோடு பின்னால் ஓடினார். லொட்ஜ் படிக்கட்டில் அவனைப் பிடித்து இருத்தி மிச்சத்தை முடித்தார்.

"எண்ட கையால வெட்டின அரைத் தலை பிளேன் ஏறக் கூடாது."

சுற்றிவளைப்பு நாளொன்றில் ஆமிக்காரன் உள்ளே வந்து எல்லோரையும் வெளியே வரச் சொன்னான். கதிரையில் பாதி சேவ் எடுத்த ஒரு கிளார்க். மாஸ்டர் திரும்பியும் பார்க்கவில்லை. "பொட்டக் இன்ன மாத்தயா" என்றார். கொஞ்சம் பொறு என்று. ஆமிக்காரன் துவக்கோடு பொறுத்தான். பிறகு அவனும் கதிரையில் ஏறி ஒரு சேவ் எடுத்துக்கொண்டு போனான்.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் நான் என் மகனைக் கொண்டுபோனேன்.

நான் சந்தைப் பக்கம் ஒரு பலசரக்குக் கடையில் சாமான் நிறுப்பவன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. மகன் சுதனுக்கு ஓட்டிசம். அந்தச் சொல்லை டொக்டர் சொன்னார். நாங்கள் வீட்டில் சுதன் என்றுதான் சொல்வோம். அவன் பேசமாட்டான். கண்ணைப் பார்க்கமாட்டான். தலையில் யாரும் தொடக் கூடாது. தொட்டால் கத்துவான், தன் கையையே கடிப்பான். தூங்கும்போது வெட்டிப் பார்த்தோம். பிறகு பல நாள் தூங்கவே மறுத்தான். அதோடு விட்டோம். முடி தோள்வரை வந்தது.

சின்ன வயதில் அது பிரச்சினை இல்லை. பதினாறு வந்தது. என்னைவிட உயரம். மீசை அரும்பியது. ஐசி, அதுதான் அடையாள அட்டை, எடுக்க வேண்டும். அந்தச் சண்டைக் காலத்தில் வெள்ளவத்தையில் தமிழ்ப் பொடியனுக்கு மூச்சும் ஐசியும் ஒன்று. ஒரு நாள் காலி வீதிச் செக்பொயின்டில் அவனிடம் பெயர் கேட்டார்கள். அவன் பொலிஸ்காரனின் தோளில் இருந்த பித்தளைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றான். மறுபடி கேட்டார்கள். பொத்தானைத் தொடக் கை நீட்டினான். ஜீப்பில் ஏற்றினார்கள். என் மனைவி ஜீப்புக்கு முன்னால் ரோட்டில் இருந்துவிட்டாள். பொலிஸில் பெரியவர் ஒருவர் வந்து, பார்த்து, இறக்கிவிட்டார். "அடுத்தமுறை ஐசி இல்லாமல் கொண்டுவராதே" என்றார்.

ஐசிக்குப் படம் வேண்டும். ஸ்டூடியோக்காரர் சுதனைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "முகம் எங்க அண்ணை? ரெண்டு காதும் தெரியாட்டி படத்தைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

காதுக்காகத்தான் மாஸ்டரிடம் போனோம். மாஸ்டர் மெஷினைப் போட்டார். சத்தம் கேட்டதும் சுதன் கதிரையோடு விழுந்தான். பவுடர் டப்பா, கிண்ணம், அந்தோனியார் எல்லாம் கீழே. அவன் ஒழுங்கை முனைவரை ஓடினான். மாஸ்டர் பின்னால் ஓடவில்லை. அதுதான் அவர் ஓடாத ஒரே தலை. அந்தோனியாரை எடுத்துத் துடைத்தபடி கேட்டார்.

"அண்ணன், இது என்னா வருத்தம்?"

டொக்டர் சொன்ன வருத்தத்தின் பெயரைச் சொன்னேன்.

"இதுக்குப் படிச்ச ஆக்கள் இல்லையா?"

"இருக்கினம். வாற ஞாயிற்றுக்கிழமை கொள்ளுப்பிட்டியில இதைப் பற்றி ஏதோ எக்சிபிஷனாம். நாங்க போகமாட்டம். பிள்ளையைக் காட்டி வேடிக்கை பாப்பினமோ எண்டு மனிசிக்குப் பயம்."

"அக்காவையும் தம்பியையும் வீட்டுல விட்டுட்டு வாங்க. நாம ரெண்டு பேரும் போவோம். போய்க் கேட்டுட்டு வருவோம்."

"என்னத்தைக் கேக்கிறது?"

"எப்படி வெட்டுறதுண்டு."

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேட்டு, கறுப்புச் சப்பாத்தோடு வந்தார். இரண்டு பெரிய சொப்பிங் பேக்கும் கையில். எக்சிபிஷன் என்றால் சோப்பும் பால்மாவும் மலிவாகக் கிடைக்கும் என்று நினைத்திருக்கிறார். வாசலில் செக்கிங். சேட்டுப் பையில் இருந்து கத்தரி வந்தது.

"இது உள்ள கொண்டுபோக ஏலாது."

"இது இல்லாட்டி நான் யாரு?" என்றார் மாஸ்டர். கடைசியில் கத்தரியைக் காவல்காரன் வாங்கி மேசையில் வைத்தான்.

உள்ளே ஒரு பிள்ளை இரண்டு நிற அட்டைகளோடு இருந்தாள். பச்சை, நீலம்.

"பேரன்ட்டா, ப்ரொபெஷனலா?"

"அப்படிண்டா?" என்றார் மாஸ்டர்.

"பிள்ளையோட அப்பாவா? இல்லாட்டி இதைத் தொழிலா செய்றவரா?"

"தொழில்தான் மகள்."

"எவ்வளவு காலமா?"

"ஒங்க அம்மா கல்யாணம் கட்ட முந்தி இருந்து."

அவள் எழும்பி நின்று நீல அட்டையை அவர் நெஞ்சில் குத்தினாள். எனக்குப் பச்சை. என்னைப் பின்வரிசையில் இருத்தினாள். அவரை முன்வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போனாள், டொக்டர்மாருக்கு நடுவில். அவர் இரண்டு சொப்பிங் பேக்கையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பேச்சு இங்கிலிஷில் நடந்தது. பக்கத்து டொக்டர் தலையாட்டும்போதெல்லாம் மாஸ்டரும் ஆட்டினார். டொக்டர் ஆட்டாதபோதும் ஆட்டினார். டொக்டர் ஏதோ கேட்டார். மாஸ்டர் "கரெக்ட்" என்றார். டொக்டருக்கு அது போதுமாக இருந்தது.

பேச்சு முடிந்து சுற்றிப் பார்க்க விட்டார்கள். பிள்ளைகள் கீறிய படங்கள். துணியால் செய்த ஒரு சின்னக் கூடாரம், சத்தம் தாங்காத பிள்ளை ஒதுங்குவதற்கு. பல் துலக்குவதை ஒவ்வொரு படியாகக் கீறி ஒட்டிய ஒரு பலகை. முதலில் பிரஷ், பிறகு பேஸ்ட், பிறகு வாய். மாஸ்டர் அந்தப் பலகைக்கு முன்னால் நின்றார். நகரவே இல்லை. பலகைக்குப் பொறுப்பாக ஒரு முஸ்லிம் டீச்சர் இருந்தார்.

"டீச்சர், இது பல்லுக்கு. தலைக்கு எங்க?"

"தலைக்கா?"

"முடி வெட்டுறதுக்கு."

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அப்போது பின்னால் இருந்து ஒரு அம்மா சொன்னார். "எண்ட மகளுக்கும் அதுதான். வெட்டவே ஏலாது." இன்னொருவர் சிங்களத்தில் தன் மகனைப் பற்றிச் சொன்னார். அவர் கையில் கடித்த தழும்பு இருந்தது. கொஞ்ச நேரத்தில் பச்சை அட்டைக்காரர் எல்லோரும் அந்தப் பலகையைச் சுற்றி நின்றோம். அதுவரை எங்கள் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன்.

டீச்சர் சிரிக்கவில்லை. நிதானமாகச் சொன்னார். "மொதல்ல இன்னொரு ஆளுட தலையில செஞ்சு காட்டுங்க. அவர் பாக்கட்டும். மெஷின் வேணாம், கத்தரி போதும். ஒவ்வொரு நாளும் அதே நேரம், அதே கதிர. அவர் கைய ஒசத்தினா நிப்பாட்டிரணும். ஒடனே."

"எங்க நிப்பாட்டுறது?"

"எங்க இருக்கோ அங்க."

"பாதியிலயா?"

"பாதியிலதான்."

"பாதித் தலையோட வெளிய அனுப்பவா?"

"ஓம். நிப்பாட்டுவீங்கண்டு அவருக்குத் தெரிஞ்சாத்தான் அடுத்த நாள் வந்து இருப்பார்."

மாஸ்டரின் முகம் செத்துப்போனது. கட்டின வீட்டை இடிக்கச் சொன்ன மாதிரி நின்றார். வாசலில் காவல்காரன் அவருடைய கத்தரியால் தன் மீசையை நறுக்கிக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி. மாஸ்டர் கத்தரியை வாங்கி இரண்டு பக்கமும் சமப்படுத்திவிட்டு பஸ்ஸில் ஏறினார்.   வெள்ளவத்தையில் இறங்கும்போது சொன்னார்.

"நாளைக்கு மத்தியானம் தம்பியைக் கொண்டுவாங்க. கடையில யாரும் இருக்கமாட்டாங்க."

மத்தியானம் கடை பாதி சாத்தி இருந்தது. ரேடியோ இல்லை. நீல அட்டை நெஞ்சில் இருந்தது. சுதன் கதவடியில் நின்றான். மாஸ்டர் கண்ணாடிக்கு முன்னால் இருந்து தன் இடக் காதுக்கு மேலே ஒரு பிடி முடியை வெட்டி மேசையில் வைத்தார். சுதன் அதைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு கதிரையில் வந்து இருந்தான். மாஸ்டர் அவன் இடக் காதுக்கு மேலே அதே அளவு வெட்டினார். இரண்டாவது பிடிக்குக் கத்தரி போனது. சுதன் கையை உயர்த்தினான்.

கத்தரி அந்தரத்தில் நின்றது. மாஸ்டர் கண்ணை மூடினார். "அந்தோனியாரே" என்றார்.

"போதும் தம்பி. இண்டைக்குப் போதும்."

அடுத்த நாளும் போனோம். அதற்கடுத்த நாளும். மாஸ்டர் தன் தலையில் எவ்வளவோ அவன் தலையிலும் அவ்வளவு வெட்டினார். அவன் நிறுத்திய இடத்தில் இவரும் நிறுத்தினார். இடப்பக்கம் வெட்டியும் வலப்பக்கம் வெட்டாமலும் இரண்டு பேர் வெள்ளவத்தையில் திரிந்தார்கள். அதில் ஒருவர் பார்பர்.

கடைக்கு வந்த ஆட்கள் வாசலில் அவருடைய தலையைப் பார்த்துவிட்டு, பத்திரிகை பார்க்க வந்தவர்கள் மாதிரித் திரும்பிப் போனார்கள். லொட்ஜ்காரர் ஒருவர் கேட்டேவிட்டார்.

"என்ன மாஸ்டர், உங்கட தலையே இப்பிடியெண்டா எங்கட தலை என்ன ஆகும்?"

மாஸ்டர் நீல அட்டையைத் தட்டிக் காட்டினார். "இது ப்ரொபெஷனல் வேலை. ஒங்களுக்கு வெளங்காது."

கொட்டாஞ்சேனை பஸ்ஸைச் செக்பொயின்டில் மறித்து அவரை இறக்கினார்கள். "மொகத மேக?" என்று தலையைக் காட்டிக் கேட்டான் ஆமிக்காரன், இது என்னவென்று. மாஸ்டர் அட்டையைக் காட்டி இருபது நிமிஷம் விளக்கினாராம். ஆமிக்காரனே அடுத்த பஸ்ஸை மறித்து ஏற்றிவிட்டானாம். வீட்டில் அவருடைய மனைவி கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினாராம், மனிசனுக்குத் தெளிய வேண்டும் என்று.

"மாஸ்டர், காணும்" என்றேன் நான். "யாவாரம் போகுது. இனி நான் பாத்துக்கொள்ளுறன்."

"என்னா அண்ணன் கதை இது? தலையில பாதி இருக்கு. விட்டுட்டுப் போக நான் என்ன அரசாங்கமா?"

அரசியல் கதைக்கக் கூடாது என்ற பலகை அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். குரலைக் குறைத்தார்.

ஒரு மத்தியானம் வலக் காது வெளியே வந்தது. சுதனின் காதுகள் என் தகப்பனின் காதுகள். அதை அன்றுதான் கவனித்தேன். மாஸ்டர் பின்கழுத்துக்குப் போனார். சுதன் கையை உயர்த்தினான். மாஸ்டர் கத்தரியை வைத்தார். இந்தமுறை அந்தோனியாரைக் கூப்பிடவில்லை.

"பின்கழுத்து படத்துல விழாது. வாங்க."

ஸ்டூடியோவிலும் முதலில் மாஸ்டர்தான் இருந்தார். லைட் அடித்து அவரை ஒரு படம். சுதன் பார்த்தான். பிறகு அவன் இருந்தான். இரண்டு காதும் படத்தில் விழுந்தன. மாஸ்டருக்குத் தேவையில்லாமல் ஒரு தொகைப் பாஸ்போட் படம் கிடைத்தது. அதில் ஒன்றை அந்தோனியாருக்கும் பிள்ளையாருக்கும் நடுவில் செருகி வைத்தார். நெஞ்சில் நீல அட்டை தெரியும்.

ஐசி வந்தது. மனைவி அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அவன் கழுத்தில் தொங்கவிட்டாள். அதே காலி வீதி, அதே செக்பொயின்ட். பெயர் கேட்டார்கள். சுதன் பொத்தானைப் பார்த்தான். நான் ஐசியைத் தூக்கிக் காட்டினேன். பொலிஸ்காரன் படத்தைப் பார்த்தான், காதைப் பார்த்தான், போகச் சொன்னான். நாங்கள் நடந்தோம். மனைவி சந்தை வரும்வரை அவன் கையை விடவில்லை.

பின்கழுத்தை மட்டும் சுதன் ஒருநாளும் வெட்ட விடவில்லை. மாஸ்டரும் தன் பின்கழுத்தை வெட்டவில்லை. மற்ற எல்லோருக்கும் பினிஷிங் என்று கழுத்தைப் பிடித்தவர், கடைசிவரை தன் கழுத்தில் ஒரு கற்றையோடு திரிந்தார்.

இப்போது அவர் இல்லை. அந்த இடத்தில் போன் கடை. நாங்கள் வேறு சலூனுக்குப் போகிறோம். யாராவது முன்னால் வெட்டிக் காட்டாவிட்டால் சுதன் கதிரையில் ஏறமாட்டான். அதனால் முதலில் நான் ஏறுவேன். என் தலையில் பெரிதாக முடி இல்லை. இருப்பதை வெட்டச் சொல்வேன்.

"ஐயா, பின்னால அப்பிடியே கிடக்கு. பினிஷிங் வரேல்லையே" என்பான் சலூன்காரப் பொடியன்.

"அது அப்படியே இருக்கட்டும்" என்பேன்.